நான்காவது பலூன்

ஏப்ரல் 3, வியாழன்

இழுப்பறையில் யாரும் எழுதாத வேதியியல் செய்முறைப் பதிவேடு ஒன்று கிடந்தது. வலப்பக்கம் கோடு போட்டது. நோக்கம், செய்முறை, முடிவு எழுத. இடப்பக்கம் வெள்ளை, படத்துக்கும் அட்டவணைக்கும். இதில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது வழக்கறிஞர். "நடந்ததத் தேதிவாரியா எழுதி வச்சுக்கோங்க சார்" என்றார் அக்டோபரில். பிறகு அவரே, மனமொத்த மணமுறிவில் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். வருகிற 24ஆம் தேதி நீதிபதி முன்னால் இரண்டு பேரும் சம்மதம் என்று சொன்னால் முடிந்தது. ஒருவர் மாட்டேன் என்றாலும் மனு தள்ளுபடி. யோசிக்கத்தான் ஆறு மாத அவகாசம். இந்த ஆறு மாதத்தில் ஜெயசுதா ஒருமுறைகூட அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. மனுவை எழுதி நீட்டியது அவள். "படிச்சுப் பாருங்க" என்றாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருடம் கூட இருந்தவள் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

யாரும் கேட்காவிட்டாலும் என் தரப்பு எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும்.

நாளை முதல் பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும் முகாம். சிவப்புப் பேனா மூன்று வாங்கினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் முகாம். வாசலிலேயே செல்போனை வாங்கி, பெயர் எழுதிய பழுப்பு உறையில் போட்டு, காவலாளி மேசையில் அடுக்கிவிட்டார்கள். உள்ளே குழுக் குழுவாக மேசைகள். ஒரு குழுவில் ஆறு உதவித் தேர்வாளர்கள், சிவப்பு மையில் திருத்த. அவர்களுக்கு மேலே ஒரு முதன்மைத் தேர்வாளர், பச்சை மையில் சரிபார்க்க.

கரும்பலகையில் ஒட்டியிருந்த பட்டியல்: ஏழாம் குழு, முதன்மைத் தேர்வாளர், வே. ஜெயசுதா. அதற்குக் கீழே நான்காவது பெயர் என்னுடையது, ச. தங்கமாரியப்பன்.

முகாம் அலுவலர் வேறு மாவட்டத்திலிருந்து மாறி வந்தவர். பணிமூப்பு வரிசையைப் பார்த்துப் பெயர்களை நிரப்பியிருக்கிறார். மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலி பால்துரை. சாத்தான்குளத்துக்காரர், பத்து வருடப் பழக்கம்.

"போயி ஒரு வார்த்த சொல்லி மாத்திக்கிடும் வே. மூணாங் குழுல எடம் இருக்கு."

"நான் ஏன் மாறணும்? அவங்க மாறட்டும்."

"அவ்வோ முதன்மைல்லா. அவ்வோ எந்திரிச்சா குழுவே எந்திரிக்கணும்."

"எந்திரிக்கட்டும்."

"சரிதான். மேல அமிலம், கீழ காரம். நடுவுல நாங்க அஞ்சு பேரும் லிட்மஸ் தாளு. எந்நேரம் என்ன நெறம் மாறுமோ."

பணியில் நான் அவளுக்கு நான்கு ஆண்டு மூத்தவன். திருமணத்துக்காக நலத்துறைப் பள்ளியை விட்டுக் கல்வித்துறைக்கு மாறி அவள் மாவட்டத்துக்கு வந்தேன். துறை மாறி வந்தால் பணிமூப்பு சுழியத்திலிருந்து தொடங்கும். தெரிந்துதான் வந்தேன். ஈதல் சகப்பிணைப்பு என்று பாடத்தில் உண்டு. சாதாரண சகப்பிணைப்பில் இரண்டு அணுவும் ஆளுக்கொரு எலக்ட்ரான் போடும். இதில் இரண்டையும் ஒரே அணு கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். பிணைப்பு உண்டான பிறகு யார் கொடுத்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கொடுத்தவனுக்குத் தெரியும்.

அவள் வந்து எல்லோருக்கும் விடைக்குறிப்பு கொடுத்தாள்.

"வணக்கம் சார்."

"வணக்கம் மேடம்."

அவளும் குழுவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

காலை பன்னிரண்டு தாள், மாலை பன்னிரண்டு. இருபத்து நான்கில் ஏழு பேர், பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். வருடா வருடம் இதே தவறு. பட்டாசைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். வெடித்தால் வெளிச்சமும் சத்தமும் வருகிறது, அதனால் உடைவதுதான் ஆற்றலைத் தருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடைக்க நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். ஏழையும் அடித்தேன்.

மாலையில் என் கட்டு திரும்பி வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழை. சிறிய பச்சை வட்டம், அவ்வளவுதான். மளிகைச் சீட்டில் நான் எதையாவது விட்டால் இப்படித்தான் ஒரு வட்டம் போட்டு வைப்பாள். வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி மூடினேன். இப்போதெல்லாம் வாரம் தவறுவதில்லை.

என் தரப்பை எழுதுவதென்றால் இதை எழுத வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு முன், ஏப்ரல் 11. அன்றும் முகாம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மகள் ஆராதனாவுக்குப் பத்து வயது. ஐந்தாம் நாள் காய்ச்சல். ஒரு தாய் அன்று வீட்டில் இருந்திருக்க வேண்டும். முகாமுக்கு விடுப்பு இல்லை, வராவிட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும் என்றாள். நான் விடுப்பில் இருந்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொன்னேன் என்பதும் உண்மை. சொன்னால் போய்விடுவதா?

மாலை ஆறு மணிக்கு வந்தாள். நேரே ஆரா படுத்திருந்த அறைக்குள் போனாள். "ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். நான் கீழே இறங்கித் தெருமுனைக்கு ஓடினேன். ஆட்டோவோடு வந்தபோது மாமா, அவளுடைய அப்பா, பேத்தியைப் பார்க்க மம்சாபுரத்திலிருந்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே ஓடினேன். அவள் ஆராவைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று ஒற்றைக் கையால் சாப்பாட்டு ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை கைகால் சில்லிட்டுத் தோளில் தொங்குகிறது. இவள் குழாயைத் திறந்துவிட்டு ஏனம் கழுவுகிறாள்.

இரவு பத்தே காலுக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. டெங்கு என்றார்கள்.

அந்தக் குழாய்ச் சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் கேட்டதில்லை. வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இருபத்து நான்கு தாள். பிழை இல்லை. வட்டம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தேநீர் இடைவேளை காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும். இரண்டு வேளையும் ஜெயசுதா எழுந்து வெயிலில் வாசல்வரை நடக்கிறாள். காவலாளியிடம் தன் உறையை வாங்கி, போனை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறாள். யாரையும் அழைப்பதில்லை. நான்கு நாளாகக் கவனிக்கிறேன்.

"யாருக்குய்யா போன் பாக்குறாங்க தினமும்?" என்று பால்துரையிடம் கேட்டேன்.

அவர் வடையைத் தின்று முடித்தார். பிறகு, "நீரு நல்லாப் படிச்ச மனுசன்லா, மாரியப்பன் சாரே" என்றார். "உமக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

அவருடைய கிண்டல் எனக்குப் பிடிப்பதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். வெயில்.

பிற்பகல் கட்டு ஒரே பள்ளியுடையதாக இருக்க வேண்டும். வேறு மாவட்டம். இருபத்தொன்றாம் கேள்வி: மீத்தேனில் பிணைப்புக் கோணம் 109.5 பாகை, அம்மோனியாவில் 107 பாகை. ஏன்? இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பு தெளிவாக இருக்கிறது. இரண்டிலும் நடு அணுவைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இரட்டைகள். மீத்தேனில் நான்கும் பிணைப்பில் இருக்கின்றன. அம்மோனியாவில் மூன்றுதான் பிணைப்பில். நான்காவது தனித்த இரட்டை, எந்த அணுவோடும் சேராதது. வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதிக இடம் பிடிப்பதும் அதிகம் தள்ளுவதும் அதுதான்.

முதல் தாளில் எழுதியிருந்தது: "நான்கு பலூன்களைச் சேர்த்துக் கட்டினால் நான்கு பக்கமும் விலகி நிற்கும். அம்மோனியாவில் நான்காவது பலூன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பலூன்தான் பெரியது. அது மற்ற மூன்றையும் நெருக்குவதால் கோணம் 107 ஆகக் குறைகிறது. அதை யாராலும் உடைக்க முடியாது."

இரண்டாம் தாளிலும் அதே. மூன்றாவதிலும். பன்னிரண்டில் பதினொன்று. வேறு வேறு கையெழுத்து. வேறு வேறு எழுத்துப்பிழை. கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த ஆசிரியரும் அப்படி எழுதிப்போட மாட்டார். அது என் வீட்டு முன்னறையில் சொல்லப்பட்டது. ஆராவின் எட்டாவது பிறந்தநாள் முடிந்து பலூன்கள் மீந்து கிடந்தன. நான்கை எடுத்துக் கழுத்தைச் சேர்த்துக் கட்டி, "இங்க பாரு, இதுதான் மீத்தேன்" என்று காட்டினேன். ஒன்றைக் கழற்றிவிட்டு, "அம்மோனியாவுல மூணுதான் தெரியும், நாலாவது இருக்கு, ஆனா தெரியாது" என்றேன். அவள் கேக் ஒட்டிய வாயோடு கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியாததுதாம்ப்பா பெருசா இருக்கும்" என்றாள். "ஏன்டி?" "அத யாராலயும் உடைக்க முடியாதுல்ல."

ஜெயசுதா அப்போது தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள்.

என் பிள்ளையின் சொல்லை எடுத்து ஊர் ஊராக விநியோகித்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

பதினொன்றுக்கும் சுழியம் போட்டேன். விடைக்குறிப்பில் பலூன் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தேதியை எழுதிவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அவளும் வந்திருந்தாள். பூ வைக்கவில்லை. பால்துரை காலையிலிருந்து ஒரு கிண்டலும் அடிக்கவில்லை. பதினொரு மணிக்கு அவள் எழுந்து வாசலுக்குப் போனாள், வந்தாள். பிறகு நேற்றைய என் கட்டோடு என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"மாரியப்பன் சார், இந்தப் பதினொண்ணுலயும் இருபத்தொண்ணாவது கேள்விக்குச் சுழியம் போட்டிருக்கீங்க."

"குறிப்புல இருக்குறது அவங்க விடையில இல்ல மேடம்."

"பொருள் இருக்கு."

"தனித்த எலக்ட்ரான் இரட்டைன்னு ஒரு வார்த்த இல்ல. பலூன்னு எழுதியிருக்காங்க. நாளைக்குப் பஞ்சுமிட்டாய்னு எழுதுவாங்க. அதுக்கும் போடுறதா?"

"ஒண்ணு தெரியாது, அதுதான் பெருசு, அது மத்த மூணையும் நெருக்குது, அதனால கோணம் குறையுது. இதுல என்ன சார் தப்பு?"

"கடைசி வரி?"

அவள் தாளைப் பார்த்தாள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம்.

"படிங்க மேடம். 'அதை யாராலும் உடைக்க முடியாது.' இது வேதியியலா?"

"இல்ல சார்" என்றாள். குரல் மாறவில்லை. "அது வேதியியல் இல்ல. அதுக்கு மார்க் வேணாம். மீதிக்குப் போடுங்க."

"நான் போட மாட்டேன்."

அவள் நின்றபடியே பச்சைப் பேனாவால் பதினொரு தாளிலும் சுழியத்தை அடித்து இரண்டு என்று எழுதினாள். திருத்தத்துக்குப் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. போடவில்லை.

வீட்டுக்கு வந்து ஆரா படத்துக்கு விளக்கு ஏற்றினேன். திரி சரியாக நிற்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

முகாம் அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிட வயதில் சிறியவர்.

"சார், நீங்க ரெண்டு பேரும் யாருன்னு நேத்துதான் எனக்குச் சொன்னாங்க. தெரியாமப் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. வேணும்னா இப்பவே குழுவ மாத்திருறேன்."

"வேண்டாம்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க சார். பதினோரு பிள்ளைங்க. உங்க கோவத்துல அதுகளுக்கு என்ன பங்கு?"

போட்டேன். பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. ஒரு பிள்ளை அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தது, முக்கியமான வரி என்று.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. விடுமுறை. பாயசம் இல்லை.

பாடத்தின்படி பார்த்தால் ஒரு விஷயம் சரியாக வரவில்லை. அம்மோனியாவில் கண்ணுக்குத் தெரியாத இரட்டை மற்ற மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில்லை. அது தள்ளும் தள்ளில் மீதி மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கித்தான் நிற்கும். 109.5 ஏன் 107 ஆகிறது? நெருங்குவதால்தானே. எங்கள் வீட்டில் ஏன் நெருங்கவில்லை?

இதற்கு விடைக்குறிப்பு இல்லை. ஒழுங்காகச் செய்முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

நோக்கம்: அன்று நடந்ததை அறிதல்.

செய்முறை: 8.00 மணி. ஜெயசுதா தயிர்ச்சோறு பிசைந்து, ஆராவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் ஏனத்தில் போட்டு, தட்டால் மூடி, அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மதியம் ஊட்டிவிடச் சொன்னாள். 10.00 மணி. ஆராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. நல்லது என்று நினைத்தேன். (டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்?) அதன் பிறகு முன்னறையில் உட்கார்ந்து எனக்கு இழைக்கப்பட்ட பணிமூப்பு அநீதி பற்றி மனு எழுதினேன். பதினான்கு பக்கம். தாள் காற்றில் பறந்ததால் இடைக்கதவைச் சாத்தினேன். 11.10 மணி. முகாம் வாசலிலிருந்து ஜெயசுதா அழைத்தாள். "காய்ச்சல் விட்டுருச்சு, தூங்குறா" என்றேன். 3.10 மணி. மறுபடி அழைத்தாள். "சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டா" என்றேன்.

சாப்பிட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளை, பசித்தால் எடுத்துச் சாப்பிடாதா?

முடிவு:

ஏப்ரல் 17, வியாழன்

முகாம் முடிந்தது. எல்லோரும் செல்போன் உறைக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவள். திரும்பாமலே பேசினாள்.

"போன வருசம் மதுரை ஆசிரியர் பயிற்சியில பாடம் நடத்தக் கருத்தாளராப் போட்டிருந்தாங்க. பல மாவட்டத்துல இருந்தும் ஆளு வந்திருந்தாங்க. பிணைப்புப் பாடம் எனக்கு வந்துச்சு. பலூன் கட்டிக் காட்டினேன். அந்த வரிய நான் சொல்லணும்னு நினைக்கல. வாயில வந்துருச்சு. அதையும் எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க."

"யாரு சொன்னதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். எம் மக சொன்னான்னு சொன்னேன். எத்தனாவது படிக்கிறான்னு ஒருத்தர் கேட்டாரு." வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். "அஞ்சாவதுன்னேன்."

உறையை வாங்கிக்கொண்டாள். நடந்தவள் நின்று, "வெயில்ல வண்டியில போறீங்க, தலையில எதாவது கட்டிக்கோங்க" என்றாள்.

பால்துரை அதைக் கேட்டுவிட்டார். "வே, லிட்மஸ் நெறம் மாறுது" என்று என் காதில் சொன்னார்.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வழக்கறிஞர் அழைத்தார். வியாழன் காலை பத்தரைக்கு வந்துவிட வேண்டுமாம்.

முடிவு செய்துவிட்டேன். நீதிபதி கேட்டால் மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். அவளும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஏனத்தைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டால் நானும் மறந்துவிடத் தயார். இனி இருவரும் ஒரே வீட்டில் இருப்பதென்றால் அது நடுவில் கிடக்கக் கூடாது.

அவளுடைய அலமாரியைத் துடைத்து வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. அவள் ஒரு ஓரத்தில் இருந்தாள். மாமா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் கையெடுத்துக் கும்பிட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மகளைத்தான் திட்டுவார், அன்றைக்கு ஏன் வேலைக்குப் போனாய் என்று. அதை நான் நியாயமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அன்னைக்குப் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஏன் ஏனம் கழுவுன?"

திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஆச்சரியம் இருந்தது.

"அதுவா உங்களுக்கு?" என்றாள். "ரெண்டு வருசமா அதுவா?"

"ஆமா."

"அதுல நான் காலைல வச்ச சோறு அப்படியே இருந்துச்சுங்க. மேல ஏடு காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. நீங்க ஆட்டோவுக்கு ஓடுனீங்க. ஜன்னல்ல பாத்தேன், அப்பா தெருவுல வந்துக்கிட்டு இருந்தாங்க. அவுங்க உள்ள வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க, தண்ணி குடிக்க. பேரு வெட்டுன ஏனம். பாத்தா உங்கள அந்த எடத்துலயே என்ன செஞ்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதான்."

தாழ்வாரத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் பெயர் இல்லை.

"சோத்தக் கொட்டிட்டுக் கழுவினேன். அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அரை நிமிசம். அந்த அரை நிமிசத்தையும் நான் தினமும் எண்ணிப் பாக்கேன்."

"சுதா" என்றேன். "பத்து மணிக்கு மேல நான் கதவத் திறக்கல."

"தெரியும்."

"சாப்பிட்டான்னு சொன்னது..."

"தெரியுங்க." புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். காலைல எந்திரிக்கையில எல்லாம், இன்னைக்குச் சொல்லுவாருன்னு நினைப்பேன். ஒரு வருசம் பாத்தேன். நீங்க என்னையச் சொன்னீங்க. ஊரும் என்னையச் சொல்லுச்சு. சரி, ஒருத்தராவது தூங்கட்டும்னு இருந்தேன். அப்புறம் முடியல. அதான் மனு."

"நான் உள்ள போயி மாட்டேன்னு சொல்லப்போறேன். திரும்பி வா."

முந்தானையை விரலிலிருந்து பிரித்தாள். வருவாள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"மாத்திச் சொல்லிராதீங்க" என்றாள். மெதுவாக, கெஞ்சுவதுபோல. "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்த வீட்டுல அந்தக் குழாயத் திறந்து இன்னொரு ஏனம் கழுவ என்னால ஆகாது. இத ஒண்ணு மட்டும் எனக்குச் செய்யுங்க."

கூப்பிட்டார்கள். போனோம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். அவள் சம்மதம் என்றாள். எழுத்தர் என் பக்கம் திரும்பினார். இரண்டு முறை கேட்டார்கள்.

சம்மதம் என்றேன்.

வெளியே மாமா மறுபடி கும்பிட்டார். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல நினைத்து நான்கு எட்டு வைத்தேன். ஜெயசுதா தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

முடிந்தால் மனம் லேசாகும் என்று அக்டோபரில் நினைத்திருந்தேன். பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வரும் என்று எழுதிய அந்த ஏழு பிள்ளைகளும் நானும் ஒன்றுதான். எதுவும் வெளிவரவில்லை.

மாமாவுக்கு நான் எழுதுவேன். அவள் வேண்டாம் என்றாலும். பதினான்கு பக்கம் தேவைப்படாது.

ஏப்ரல் 25, வெள்ளி

14ஆம் தேதி பக்கத்தில் 'முடிவு' என்று எழுதி விட்டுவைத்திருந்த இடத்தை நிரப்பினேன். ஒரு வரிதான்: அவள் சாப்பிடவில்லை. நான் பார்க்கவில்லை.

பிறகு நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டில் பின்னால் கிடந்த ஏனத்தை எடுத்தேன். அடியில் புள்ளி புள்ளியாக ஆராதனா என்று வெட்டியிருந்தது. இரண்டு வருடமாக யாரும் தொடாதது. அவள் கழுவியது கழுவியபடி, சுத்தமாகத்தான் இருந்தது.

குழாயைத் திறந்தேன். கழுவினேன்.